புகை விடாதவனுக்குக் கட்டண உயர்வா?

2025ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் காலை மும்பை பெஸ்ட் பேருந்தில் ஏறியவர்கள் வழக்கம்போல் ஐந்து ரூபாயை நீட்டினார்கள். நடத்துனர் பத்து ரூபாய் கேட்டார். குளிர்பதனப் பேருந்தில் ஆறு ரூபாய் பன்னிரண்டு ரூபாயாகியிருந்தது. குறைந்தபட்சக் கட்டணம் ஒரே இரவில் இருமடங்கு! அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மராட்டிய அரசு இன்னொரு அறிவிப்பையும் செய்தது. சிவ்ரிக்கும் நவாசேவாவுக்கும் இடையே கடல்மீது கட்டப்பட்டுள்ள அடல் சேதுப் பாலத்தில், மின்கலத்தில் ஓடும் கார்களுக்குச் சுங்கம் கிடையாது என்பது அந்த அறிவிப்பு. பாலம் திறந்தபோது காருக்கு ஒரு வழிச் சுங்கம் 250 ரூபாய் என்று வைத்தார்கள். மின்கலக் கார் வைத்திருப்பவருக்கு அது மிச்சம். பேருந்தில் போகிறவருக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் குறைந்தது ஐந்து ரூபாய் கூடுதல் செலவு.

முன்னதற்கு நட்டத்தைக் காரணம் காட்டினார்கள். பின்னதற்குச் சுற்றுச்சூழலைக் காரணம் காட்டினார்கள். இந்த இரண்டு அறிவிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி நம் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பூமி சூடாகிறது, கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசப்படுகிறது. அதில் நமக்கு மறுப்பில்லை. வெள்ளமும் வெயிலும் முதலில் தாக்குவது தகரக் கூரைக்குக் கீழே வாழும் நம்மைத்தான். 2005 ஜூலை 26 மழையை மும்பைத் தமிழர் எவரும் மறந்திருக்க முடியாது. ஆனால் குறைக்க வேண்டியவர் யார், அதற்கான விலையைக் கொடுப்பவர் யார் என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டால், சுற்றுச்சூழலின் பெயராலேயே நம்மைச் சுரண்டிவிடுவார்கள்.

மும்பை மாநகராட்சி 2022 மார்ச்சில் காலநிலைச் செயல் திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2019ஆம் ஆண்டில் இந்த நகரம் வெளியிட்ட வெப்ப வாயுக்கள் ஏறத்தாழ 2.34 கோடி டன் என்றும், அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போக்குவரத்தால் வந்தது என்றும் அது கூறுகிறது. 2050க்குள் நிகர வெளியீட்டைப் பூச்சியமாக்குவது அதன் இலக்கு. நாடு முழுமைக்கும் 2070 என்று கிளாஸ்கோ மாநாட்டில் 2021இல் பிரதமர் அறிவித்தார். மும்பை அதைவிட இருபது ஆண்டுகள் முந்திக்கொள்ளப் போகிறதாம். மகிழ்ச்சி. போக்குவரத்துக்கு உரிய அந்த ஐந்தில் ஒரு பங்குக்குள் தாராவி இட்லிக்காரரின் சைக்கிள் எவ்வளவு, வர்லியில் வாழ்பவரின் கார் எவ்வளவு என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

கணக்கு கடினமானதன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. பெட்ரோலின் எடையே லிட்டருக்கு முக்கால் கிலோதானே, மீதி எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்கக்கூடும். எரியும்போது காற்றிலுள்ள பிராணவாயுவையும் சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது. முலுண்டிலிருந்து நரிமன் பாயின்ட் சுமார் 30 கிலோமீட்டர். நெரிசலில் ஊர்ந்து போகும் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால், போக இரண்டு லிட்டர், வர இரண்டு லிட்டர். நாளொன்றுக்கு 9 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. ஆண்டுக்கு 250 வேலை நாட்கள் என்றால் 2,300 கிலோ. அடுப்பு, விளக்கு, ஆலை, வண்டி எல்லாவற்றையும் சேர்த்து ஓர் இந்தியரின் பங்குக்கு ஓராண்டில் விழும் கரியமில வாயு சராசரியாக 2 டன் அளவில்தான் இருக்கிறது. அதாவது, தனியாகக் காரில் அலுவலகம் போய்வருகிறவர் அந்த ஒரு பழக்கத்தினாலேயே ஒரு முழு இந்தியரின் பங்கைத் தாண்டிவிடுகிறார். அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியையும் விமானப் பயணத்தையும் நாம் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

அதே தொலைவை நம்மவர் எப்படிக் கடக்கிறார்? உள்ளூர் மின்ரயிலில். 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணேக்கு இந்நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிய தடம் இது. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா முனையத்துக்கும் குர்லாவுக்கும் இடையே முதல் மின்ரயில் ஓடியதும் இங்கேதான். மின்சார வண்டி என்று இன்றைக்கு விளம்பரப் பலகைகளில் புதுமையாகக் காட்டுகிறார்களே, அதில் இந்த நகரத்துப் பாட்டாளி நூறு ஆண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கிறான். அந்த மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில்தான் பிறக்கிறது என்பது உண்மையே. ஆனாலும் ஒரு வண்டியின் மின்சாரத்தை ஆயிரக்கணக்கானோர் பங்கிட்டுக்கொள்ளும்போது தலைக்கு விழுவது மிகச் சொற்பம்.

எத்தனை ஆயிரம் பேர் என்பதில்தான் கொடுமை இருக்கிறது. ஒன்பது பெட்டி ரயிலில் 1,700 பேர் போக வேண்டிய இடத்தில் 4,500 பேருக்கு மேல் போகிறார்கள் என்று மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டத்தின் ஆவணங்களே எழுதிவைத்திருக்கின்றன. ஒரு சதுர மீட்டரில் பதினான்கு முதல் பதினாறு பேர். ஆடுமாடுகளை இப்படி ஏற்றினால் வழக்குப் போடுவார்கள். ஆண்டுக்கு 2,000க்கு மேற்பட்ட உயிர்கள் மும்பை உள்ளூர் ரயில் தடங்களில் போகின்றன. தண்டவாளத்தைக் கடக்கும்போது சிலர், படியில் தொங்கி விழுந்து சிலர். 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே எதிரெதிரே சென்ற இரண்டு ரயில்களின் படிகளில் தொங்கியவர்கள் கீழே விழுந்து நால்வர் மாண்ட பிறகுதான் தானியங்கிக் கதவு பற்றிய பேச்சு மீண்டும் சூடு பிடித்தது. கதவை மூடலாம். உள்ளே காற்று வேண்டும், வண்டிகள் கூடுதலாக வேண்டும், கட்டணம் ஏறாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் கதவை மட்டும் மூடினால், நடைமேடையில் விடப்படுகிறவன் நம்மவனாகத்தான் இருப்பான்.

பேருந்தின் கதை இன்னும் வேதனையானது. இந்த நகரில் 1926 ஜூலை 15 அன்று பேருந்து ஓடத் தொடங்கியது. 1947இல் பெஸ்ட் மாநகராட்சியின் உடைமையாயிற்று. இந்த அமைப்புக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. தென்மும்பைக்கு மின்சாரம் வழங்குவதும் அதுவே, பேருந்து ஓட்டுவதும் அதுவே. மின்சாரத்தில் வந்த உபரி பேருந்தின் நட்டத்தை ஈடுசெய்தது. கடைகளும் அலுவலகங்களும் கட்டும் மின்கட்டணத்தில் ஒரு சிறு துளி, வேலைக்குப் போகிறவனின் பேருந்துச் சீட்டுக்கு உதவியது. நூறு நிபுணர்கள் கூடி யோசித்தாலும் இதைவிட நல்ல ஏற்பாட்டைக் கண்டுபிடிப்பது அரிது! மின்சாரத்தை அதிகம் எரிப்பவர், புகை குறைந்த பயணத்துக்குத் தம்மை அறியாமலே நன்கொடை தந்துகொண்டிருந்தார். 2003 மின்சாரச் சட்டத்துக்குப் பிறகு, மின்நுகர்வோர் தலையில் பேருந்து நட்டத்தைக் கட்டலாமா என்ற வாதம் கிளம்பி, நாளடைவில் அந்த வழி அடைபட்டது. அடைத்தவர்கள் மாற்று வழி திறக்கவில்லை. பேருந்து தன் காலிலேயே நிற்க வேண்டும் என்றார்கள். சாலை மட்டும் தன் காலில் நிற்கிறதா? மேம்பாலம் இலாபம் ஈட்டுகிறதா? அவற்றை யாரும் நட்டம் என்று எழுதுவதில்லை.

விளைவு என்ன? 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் 4,500க்கு மேற்பட்ட பேருந்துகள் வைத்திருந்த பெஸ்டிடம் 2025இல் 3,000கூட இல்லை. அவற்றிலும் பெரும்பாலானவை வாடகைக்கு எடுத்தவை. வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்தக்காரருடையவர். ஓடிய கிலோமீட்டருக்குப் பணம். 2019 ஜனவரியில் பெஸ்ட் தொழிலாளர்கள் ஒன்பது நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நகரமே திணறுகிறது என்று பத்திரிகைகள் அவர்களைத் திட்டின. அந்தத் தொழிலாளர்கள் அன்று எச்சரித்தவற்றில் எத்தனை பிறகு நடந்தன என்று இன்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. 2024 டிசம்பர் 9 இரவு குர்லாவில் வாடகை மின்பேருந்து ஒன்று கூட்டத்துக்குள் புகுந்து ஏழு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தபோது, ஓட்டுநருக்கு அந்த வண்டியை ஓட்டப் போதிய பயிற்சி தரப்பட்டதா என்ற கேள்வி எழுந்தது. புகையில்லாத வண்டி வாங்கியதாகப் படம் எடுத்துக்கொள்பவர்கள், அதை ஓட்டுகிறவனுக்கு நிரந்தர வேலையும் பயிற்சியும் தருவதைச் செலவு என்கிறார்கள்.

நாம் மின்பேருந்துக்கு எதிரிகள் அல்லர். பழைய டீசல் இரட்டை மாடிப் பேருந்து 2023 செப்டம்பரில் கடைசியாக ஓடியபோது பலர் மாலை போட்டு வழியனுப்பினார்கள். நமக்கும் அதன் மேல்மாடி முன்னிருக்கையில் பாசம் உண்டு. என்றாலும் டீசல் புகையை மூச்சில் வாங்கும் நடத்துனருக்கும் சாலையோரக் கடைக்காரருக்கும் மின்பேருந்து நல்லதே. நாம் சொல்வது வேறு. ஆயிரம் டீசல் பேருந்துகளை நிறுத்திவிட்டு ஐந்நூறு மின்பேருந்துகளை ஓட்டினால், நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்று சலித்தவர் மறுமாதமே தவணைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிடுவார். பேருந்து விடாத புகையை மோட்டார் சைக்கிள்கள் விடும். பேருந்து எதில் ஓடுகிறது என்பதற்கு முன்னால், எத்தனை பேருந்து ஓடுகிறது என்று கேட்க வேண்டும்.

பணம் இல்லை என்று சொல்வார்கள். மெரின் டிரைவ் பக்கத்திலிருந்து வர்லி வரை கடலைத் தூர்த்துச் சாலை போட்டார்களே, அதற்குப் பணம் இருந்தது. ஏறத்தாழ பத்தரை கிலோமீட்டர் நீளம். செலவு 13,000 கோடி ரூபாய்க்கு மேல். 2024 மார்ச்சில் முதல் பகுதி திறக்கப்பட்டது. அந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு இடமில்லை, ஆட்டோவுக்கு இடமில்லை, சைக்கிளுக்கு இடமில்லை. கோலி மீனவர்களின் கடலில், மாநகராட்சியின் பணத்தில், காருக்காக ஒரு சாலை! கட்டணமும் இல்லை. சாலை அகன்றால் நெரிசல் குறையும், நெரிசல் குறைந்தால் புகை குறையும் என்று அதற்கு விளக்கம் தந்தார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மேம்பாலங்கள் கட்டத் தொடங்கியபோதும் இதையேதான் சொன்னார்கள். நெரிசல் குறைந்ததா? சாலை அகலும்போது, வீட்டில் நின்றிருந்த காரும் வெளியே வருகிறது. உலகில் எந்த நகரமும் இதற்கு விலக்கானதாக நாம் அறியவில்லை.

மெட்ரோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கஃபே பரேடிலிருந்து ஆரே வரை பூமிக்கடியில் 33.5 கிலோமீட்டர் ஓடும் மூன்றாம் தடம் 2025 அக்டோபரில் முழுமையாகத் திறந்தது. தாராவியிலும் ஒரு நிலையம் அமைந்திருக்கிறது. நல்ல வேலை, வரவேற்கிறோம். ஆனால் கட்டணம் 10 ரூபாயில் தொடங்கி 70 ரூபாய் வரை போகிறது. உள்ளூர் ரயிலின் இரண்டாம் வகுப்பில் ஐந்து ரூபாய்க்குப் பத்துக் கிலோமீட்டர் போகலாம். நிலையத்தின் படிக்கட்டு நம் தெருவில் இருக்கிறது என்பதனாலேயே வண்டி நமக்காக ஓடுகிறது என்று ஆகிவிடாது.

இப்போது நம் நெஞ்சுக்கு அருகிலுள்ள செய்திக்கு வருவோம். மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையத்துக்காக 2005ஐ ஒட்டி நடத்தப்பட்ட பயண ஆய்வில், இந்தப் பெருநகரின் பயணங்களில் பாதிக்கு மேல் கால்நடையாகவே நடப்பதாகத் தெரிந்தது. ரயிலும் பேருந்தும் காரும் எல்லாம் மீதிப் பாதிக்குள் அடக்கம். நடந்து போகிற அந்தப் பாதிப்பேர் யார் என்பதை அறிய தாராவியில் ஒரு காலை நேரம் நின்றால் போதும். விடிவதற்கு முன்னமே மாவரைத்து அவித்த இட்லியைத் தூக்குப் பாத்திரத்தில் ஏற்றிச் சைக்கிளில் நகரெங்கும் புறப்படும் தமிழர்கள். மாட்டுங்காவுக்கும் மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் வீட்டு வேலைக்கு நடந்து போகும் பெண்கள். கீழே பட்டறை, மேலே பரண் என்று வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓர் ஏணி மட்டுமே உள்ள தோல் தொழிலாளர்கள். சதுப்பு நிலத்தை மேடாக்கி, நெல்லைச் சீமையிலிருந்து வந்த நம் முன்னோர் தோல் பதனிட்ட இடம் அது. ஏறத்தாழ இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் குடியிருப்பு, தொழில், பள்ளி, சந்தை எல்லாம் அடங்கிய ஊர். வெளிநாட்டு நிபுணர்கள் இப்போது பெருஞ்செலவில் திட்டமிடும் ‘நடந்தே போய்வரும் நகரம்’ என்பதை நம் மக்கள் கையில் காசில்லாமலே கட்டி முடித்துவிட்டார்கள். சாக்கடையையும் கழிப்பறையையும் அரசு கட்டித் தராததுதான் அதில் குறை.

இந்த ஊரைத்தான் இப்போது பிரிக்கப் போகிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததாகக் காகிதம் காட்ட முடிந்தவர்களுக்குத் தாராவியிலேயே இலவச வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வெளியே. வெளியே என்றால் எங்கே? தேவ்னார் குப்பைமேட்டு நிலம், முலுண்ட் பக்கம், குர்லாவின் பால்பண்ணை நிலம், கிழக்கேயுள்ள உப்பள நிலங்கள் என்று பட்டியல் நீள்கிறது. உப்பளத்தில் கட்டடம் எழுந்தால் மழைநீர் எங்கே போகும் என்பது தனிக் கேள்வி. போக்குவரத்துக் கணக்கை மட்டும் இங்கே பார்ப்போம். இன்று மாட்டுங்காவுக்கு இருபது நிமிடம் நடந்து போய்ப் பாத்திரம் துலக்கும் ஒரு பெண், நாளை தேவ்னாரிலிருந்து கோவண்டிக்கு ஆட்டோ பிடித்து, ரயிலேறிக் குர்லாவில் மாறி வர வேண்டும். பூச்சியமாக இருந்த புகை அவள் கணக்கில் ஏறுகிறது. கூலியில் கால்பங்கு வழியிலேயே கரைகிறது. பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரத்துக்கு அவள் வீடு திரும்ப முடியாது. அவள் விட்டுச்சென்ற இடத்தில் எழும் கோபுரங்களுக்குக் கீழே கார் நிறுத்த அடுக்கடுக்காக இடம் விடுவார்கள். ஒரே திட்டம், நடக்கிறவளை வண்டியில் ஏற்றுகிறது, கார் உள்ளவரை நடுநகரில் குடியேற்றுகிறது. இதையும் காலநிலைச் செயல் திட்டம் வைத்திருக்கும் அதே நகரத்தில்தான் செய்கிறார்கள்.

மாகுலை நினைத்துப் பார்க்க வேண்டும். தான்சா குடிநீர்க் குழாயோரம் வாழ்ந்தவர்களை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே மாகுலில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். நோயோடு போராடி, தெருவில் உட்கார்ந்து, நீதிமன்றம் சென்றார்கள். அங்கே போகும்படி அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019இல் உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. போராடியதால் கிடைத்தது அது.

நம்மவர்களிடமும் ஒரு சொல். செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் வசதியாகிவிட்ட தமிழ்க் குடும்பங்களில், கார் இல்லாவிட்டால் பெண் கொடுக்கத் தயங்கும் நிலை வந்திருக்கிறது. ஊருக்குப் போவதென்றால் நாகர்கோவில் எக்ஸ்பிரசும் தாதர் – திருநெல்வேலி சாளுக்கியா எக்ஸ்பிரசும் இளக்காரமாகி, விமானம் மதிப்பாகிவிட்டது. முழுப்பழியையும் அவர்கள்மேல் போட மாட்டோம். தூங்கும் வசதிப் பெட்டிகளைக் குறைத்துக் குளிர்பதனப் பெட்டிகளைக் கூட்டிக்கொண்டே போனால், பொங்கலுக்கு ஊர் போகிறவன் கழிப்பறை வாசலில் இரண்டு இரவு உட்கார்ந்தா போவான்?

வழி இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கர்நாடகம் 2023 ஜூனில் தொடர்ந்தது. மராட்டிய அரசும் 2023 மார்ச்சில் தன் மாநிலப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளில் பெண்களுக்குப் பாதிக் கட்டணம் என்றது. அந்த மனம் மும்பை நகரப் பேருந்துக்கு வரும்போது மட்டும் ஏன் சுருங்குகிறது? பெஸ்டின் நட்டத்தை மாநகராட்சி தன் வரவு செலவுத் திட்டத்தில் ஏற்க வேண்டும், கடற்கரைச் சாலைக்கு ஏற்றதைப்போல. கார் நிறுத்தும் இடத்துக்கு நியாயமான வாடகை வாங்கி அதைப் பேருந்துக்குத் தர வேண்டும். பேருந்துக்கெனச் சாலையில் தனித் தடம் ஒதுக்க வேண்டும். பணிமனை நிலங்களைக் கட்டட முதலாளிகளுக்குக் கொடுத்துவிட்டால் நாளைக்குப் பேருந்தை நிறுத்த இடமிருக்காது. அதைத் தடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் முதலாக, தாராவியில் வாழ்ந்து உழைக்கும் எவரையும், எந்த ஆண்டுக் கணக்கைக் காட்டியும், அவர் நடந்து போகும் தொலைவுக்கு அப்பால் அனுப்பக் கூடாது.

மும்பை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. 2025 மே மாதக் கட்டண உயர்வு வந்தபோது, எழுந்து நின்று ஏன் என்று கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே ஓர் உறுப்பினர்கூட மன்றத்தில் இல்லை. கேட்க வேண்டியவர்கள் இல்லாத இடத்தில் நாம் கேட்டாக வேண்டியிருந்தது. கேட்க ஆள் இருக்கும் நாளிலும், கையில் கணக்கில்லாமல் கேட்டால் காது கொடுக்க மாட்டார்கள்.

ஆகவே வாசகத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் நிறுத்தத்தின் பெயர், பேருந்தின் தட எண், காலையிலும் மாலையிலும் நீங்கள் காத்திருந்த நிமிடங்கள், நிறுத்தப்பட்டுவிட்ட தடம் ஏதேனும் உண்டா என்ற விவரம், வேலைக்குப் போய்வர மாதம் ஆகும் செலவு, இவற்றை ஓர் அஞ்சலட்டையில் எழுதி இந்த மாத இறுதிக்குள் சங்க அலுவலகத்துக்கு அனுப்புங்கள். தாராவியில் இருப்பவர்கள், வேலைக்கு நடந்து போகும் நிமிடங்களையும் சேர்த்து எழுதுங்கள். எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்கு நீங்கள் எழுதிக் கொடுங்கள்.